'மீண்டும் வருக': பள்ளி மீள்திறப்பு எழுத்துகள் குறித்து ஒரு திறனாய்வு

 

திறனாய்வு என்றதும் நாவல், சிறுகதை, கவிதை என்றுதான் நம் மனம் போகும். இந்தக் கட்டுரை அந்தப் பக்கம் போகவில்லை. நம்மில் பலர் ஒருமுறையாவது எழுதிய, ஆனால் யாரும் நின்று படித்துப் பார்க்காத ஓர் எழுத்து வகையை எடுத்துக்கொள்கிறது. பெருந்தொற்றுக்குப் பின் பள்ளிகள் திறந்தபோது எழுதப்பட்ட வரவேற்புதான் அது. தலைமையாசிரியரின் சபைகூடல் உரை, பள்ளி வாசலில் கட்டிய பதாகை, புலனக் குழுவில் வந்த அறிவிப்பு, பிறகு அதையே தலைப்பாக்கி நாம் மாணவர்களிடம் வாங்கிய கட்டுரை எல்லாம் இதில் அடங்கும்.

அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே, இப்போ எதுக்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. இப்போது படிவம் நான்கிலும் ஐந்திலும் இருக்கும் பலர் அந்த நாள்களில் ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகள். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2020-இல் ரத்தானது, 2021-இல் ஒரேயடியாக அகற்றப்பட்டது. அந்தத் தேர்வை எழுதாமலே இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்த தலைமுறை நீங்கள். பள்ளி மூடியதையும் திறந்ததையும் நேரில் பார்த்தவர்கள். எந்தப் பயிற்சி நூலாசிரியரிடமும் இல்லாத செய்தி உங்களிடம் இருக்கிறது. ஆனால் 'பெருந்தொற்றுக்குப் பின் பள்ளி வாழ்க்கை' என்று தலைப்புக் கொடுத்தால் உங்களிடமிருந்து வருவது பயிற்சி நூலின் செய்திதான். இந்த முரண்தான் என்னை எழுத வைத்தது.

1. வழக்கமான பத்தி

கீழே உள்ள பத்தி எந்த ஒரு மாணவருடையதும் அல்ல. நான் திருத்திய பல கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருவதைச் சேர்த்து நானே எழுதியது. படித்ததும் உங்களுக்குப் பழகிய முகமாகத் தெரியும்.

"கொடிய கோறனி நச்சில் உலகையே ஆட்டிப் படைத்தது. பள்ளிகள் யாவும் மூடப்பட்டன. மாணவர்கள் இயங்கலைவழி கல்வி பயின்றனர். நீண்ட இடைவெளிக்குப் பின் பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டன. மாணவர்கள் கூண்டைவிட்டு வெளிவந்த பறவைகளைப் போல் பள்ளியை நோக்கி விரைந்தனர். அவர்களின் முகத்தில் மகிழ்ச்சி பொங்கி வழிந்தது. ஆசிரியர்கள் அவர்களை இன்முகத்துடன் வரவேற்றனர்."

எழுத்துப்பிழை இல்லை. வாக்கியங்கள் முடிகின்றன. உவமை உண்டு. பலர் சிவப்பு மையால் ஒரு 'சரி' போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவோம். ஆனால் ஒரு திறனாய்வாளராக நின்று படியுங்கள். முகக்கவரி அணிந்திருந்த பிள்ளையின் முகத்தில் மகிழ்ச்சி பொங்கி வழிந்ததை யார் பார்த்தார்? ஆசிரியரின் இன்முகத்தைப் பிள்ளை எப்படிப் பார்த்தது? எழுதியவர் அந்த நாளை நினைத்துப் பார்க்கவில்லை, கையில் இருந்த தொடரை நினைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

இங்கே திருக்குறளை நினைவுகூரலாம். விருந்தோம்பல் அதிகாரத்தின் கடைசிக் குறள், 90ஆவது, அனிச்ச மலரையும் விருந்தினரையும் அருகருகே வைக்கிறது. வரவேற்பு என்பது சொல்லில் இருப்பதைவிட முகத்தில் இருக்கிறது என்பதுதான் அதன் நுட்பம். பெருந்தொற்றுக் காலப் பள்ளி வாசலில் முகம் பாதி மறைந்திருந்தது. கண்ணும் குரலும் கையசைவும்தான் மிச்சம். அந்த நிலையில் ஓர் ஆசிரியர் ஏழு வயதுப் பிள்ளையை எப்படி வரவேற்றார்? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதினாலே ஒரு நல்ல பத்தி கிடைத்துவிடும். 'இன்முகத்துடன்' என்ற ஒரு சொல் அந்தப் பத்தியை விழுங்கிவிட்டது.

2. எத்தனை முறை திரும்பினோம்?

வழக்கமான கட்டுரையில் பள்ளி ஒருமுறை மூடுகிறது, ஒருமுறை திறக்கிறது. நடந்தது அப்படி இல்லை. நாள்களைச் சற்று வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18-இல் தொடங்கியது. ஆரம்பப்பள்ளிகளில் 5ஆம், 6ஆம் ஆண்டு மாணவர்கள் ஜூலை 15-இலும், 1 முதல் 4ஆம் ஆண்டு மாணவர்கள் ஜூலை 22-இலும் திரும்பினார்கள். நவம்பர் 9-இல் நாடு முழுவதும் பள்ளிகள் மறுபடியும் மூடின. 2021 மார்ச் 1-இல் பாலர்பள்ளி, முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்களும், மார்ச் 8-இல் மற்ற ஆரம்பப்பள்ளி மாணவர்களும் வந்தார்கள். மே மாதத்தில் மீண்டும் மூடல். அக்டோபர் 3 முதல் கட்டங்கட்டமாகத் திறப்பு, அதுவும் சுழற்சி முறையில், பாதிப் பிள்ளைகள் இந்த வாரம், மீதிப் பிள்ளைகள் அடுத்த வாரம்.

ஆக, 'வருக' என்று மூன்று முறை சொல்லியிருக்கிறோம். முதல்முறை சொன்னதற்கும் மூன்றாம் முறை சொன்னதற்கும் வேறுபாடு இருக்க வேண்டாமா? முதல்முறை ஆவல் இருந்திருக்கும். மூன்றாம் முறை, 'இதுவும் எத்தனை நாளைக்கு' என்ற ஐயம் பெரியவர்களுக்கே இருந்தது. நம் உரைகளில் இந்த வேறுபாடு தெரியவில்லை. அதே பறவை, அதே கூண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2021-இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளையின் பள்ளி வாழ்க்கை ஜனவரியில் வீட்டில், திரையில் தொடங்கியது. மார்ச் 1-இல்தான் அது முதன்முதலாக மாணவனாகப் பள்ளி வாசலுக்குள் கால் வைத்தது. அந்தப் பிள்ளையின் தலைக்கு மேல் 'மீண்டும் வருக' என்று பதாகை கட்டினால் அதற்கு என்ன பொருள்? அது வந்ததே இல்லையே, பிறகு எப்படி மீண்டும்? இது சொற்குற்றம் பிடிக்கும் வேலை அல்ல. 'மீண்டும்' என்ற இடைச்சொல் யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்று யோசிக்காமல் எழுதினால், அங்கே நிற்கும் மிகச் சிறிய பிள்ளை கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

3. ஒரே பன்மைக்குள் எல்லாரும்

மேலே கண்ட பத்தியின் இலக்கணத்தைப் பாருங்கள். 'மூடப்பட்டன', 'திறக்கப்பட்டன' இரண்டும் செயப்பாட்டு வினை. மூடியவர் யார், திறந்தவர் யார் என்று தெரியாது. சரி, அது பரவாயில்லை, அரசாணை என்று எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பெரிய சிக்கல் அடுத்த வாக்கியத்தில்தான்: 'மாணவர்கள் இயங்கலைவழி கல்வி பயின்றனர்.'

எந்த மாணவர்கள்?

கல்வி அமைச்சு 2020-இன் முதல் மூடல் காலத்தில் சுமார் 6 லட்சத்து 70 ஆயிரம் பெற்றோரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களுடைய பிள்ளைகளில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று அது காட்டியது. நூற்றுக்கு முப்பத்தேழு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 'மாணவர்கள் இயங்கலைவழி கல்வி பயின்றனர்' என்ற வாக்கியம் மூன்றில் ஒரு பங்குக்கு மேலான பிள்ளைகளைப் பற்றி உண்மையைச் சொல்லவில்லை. 2021 வரவு செலவுத் திட்டத்தில் 500 பள்ளிகளைச் சேர்ந்த 1 லட்சத்து 50 ஆயிரம் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டதே இந்தக் குறையை அரசும் அறிந்திருந்ததால்தான்.

கருவி இருந்த வீடுகளிலும் கதை ஒன்றுபோல் இல்லை. ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவுடையது, அவர் வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். மூன்று பிள்ளைகள், மூன்று வகுப்பு, ஒரே நேரம். 'சார், டேட்டா முடிஞ்சிருச்சு', 'டீச்சர், லைன் இல்ல' என்ற குரல் பதிவுகளை நம்மில் யார் கேட்கவில்லை? இத்தனையும் தெரிந்த நாம், எழுதும்போது மட்டும் 'மாணவர்கள்' என்ற ஒரே பன்மைக்குள் எல்லாரையும் அடைத்துவிடுகிறோம். அடுத்த வரியில் 'இயங்கலைக் கல்வி ஒரு வரப்பிரசாதம்' என்று வேறு சேர்த்துக்கொள்கிறோம்.

மாணவர்களே, பன்மைச் சொல் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் கருத்து விளக்கக் கட்டுரையில் 'மாணவர்கள்' என்று எழுதும் ஒவ்வொரு முறையும் 'எல்லாருமா?' என்று உங்களையே கேளுங்கள். 'ஒரு சாரார்', 'கருவி இல்லாத பிள்ளைகள்', 'கடைசிப் பிள்ளைகள்' என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கியதும் கருத்து தானாக விரியும். சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று தலையைச் சொறியும் நிலை வராது.

4. கத்தோலிக்கப் பள்ளி மரபு தரும் ஒரு பாடம்

இந்த வரவேற்பு எழுத்தை எந்த அளவுகோலால் அளப்பது? அதற்கு நம் ஊரிலேயே ஒரு மரபு இருக்கிறது. ஈப்போவில் செயின்ட் ஃபிலோமினா கான்வென்ட் தமிழ்ப்பள்ளி என்று ஒரு தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி உண்டு. புனிதை ஒருவரின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி. ஈப்போவில் கத்தோலிக்கத் துறவறச் சபைகளின் கல்விப்பணி நூறாண்டைத் தாண்டியது. குழந்தை இயேசு சபைக் கன்னியர்களின் கான்வென்ட் 1907-இலும், லா சால் சகோதரர்களின் செயின்ட் மைக்கல் பள்ளி 1912-இலும் தொடங்கின. மிஷன் பள்ளி என்பதால் கத்தோலிக்கப் பிள்ளைகள் மட்டும் படிப்பார்கள் என்று வெளியூர் வாசகர்கள் எண்ண வேண்டாம். எல்லாச் சமயப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆசிரியர்களை நியமிப்பது அரசு. பாடத்திட்டமும் பள்ளி திறக்கும் நாளும் எல்லாப் பள்ளிக்கும் ஒன்றுதான். ஆகவே 2021 மார்ச்சில் புனிதர் பெயர் கொண்ட பள்ளியின் வாசலிலும், தோட்டத்தின் பெயர் கொண்ட பள்ளியின் வாசலிலும் ஒரே வெப்பமானி, ஒரே கைத்தூய்மி, ஒரே கூடல் இடைவெளிதான்.

எந்தப் பள்ளியின் உரையையும் இங்கே நான் குறை சொல்லவில்லை. கத்தோலிக்கக் கல்வி மரபு 'வராத பிள்ளை'யை எப்படிப் பார்த்தது என்பதுதான் நமக்கு வேண்டியது.

லா சால் சகோதரர்களின் சபையை நிறுவியவர் ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால், பிரெஞ்சுக் குரு. 1651-இல் பிறந்து 1719-இல் மறைந்தவர். 1950-இல் திருச்சபை அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துவது எப்படி என்று அவரும் அவருடைய சகோதரர்களும் சேர்ந்து உருவாக்கிய கையேடு 1720-இல் அச்சானது. அதில் வகுப்பு மாணவர்களுக்குப் பல பொறுப்புகள் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று, வராதவர்களைப் போய்ப் பார்த்து வருவது. தெருவாரியாகச் சில மாணவர்கள். அவர்கள் வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய், என்ன காரணம் என்று கேட்டு, ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். அது மட்டுமில்லை. பிள்ளைகள் ஏன் வராமல் போகிறார்கள் என்று அந்தக் கையேடு காரணங்களை ஆராய்கிறது. குடும்ப வறுமை ஒரு காரணம். ஆசிரியர் பிள்ளையின் அன்பைப் பெறாததும் ஒரு காரணம் என்று தயங்காமல் சொல்கிறது.

முந்நூறு ஆண்டுக்கு முந்தைய நூல். அதில் நமக்கு ஒவ்வாதவை நிறைய உண்டு. தண்டனை பற்றிய பகுதிகளை இன்று எந்த ஆசிரியரும் ஏற்கமாட்டார். ஆனாலும் இந்த ஓர் இடத்தில் அது நம்மை முந்திக்கொண்டு நிற்கிறது. வகுப்பில் இருக்கும் பிள்ளையைப் போலவே இல்லாத பிள்ளையும் ஆசிரியரின் பொறுப்பு என்பதை அது எழுத்தில் வைத்திருக்கிறது. நம் வரவேற்பு உரைகள் வந்தவர்களைப் பார்த்து மட்டுமே பேசுகின்றன.

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தை இலக்கியமாகவே படித்துப் பாருங்கள். வீட்டைவிட்டுப் போய்ச் சொத்தை அழித்த மகன் திரும்பி வரும் கதை அங்கே இருக்கிறது. அவன் வழியில் ஒரு மன்னிப்பு உரையை மனத்துக்குள் தயார் செய்துகொள்கிறான். தந்தையோ தொலைவில் கண்டதுமே ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். மகன் தயார் செய்ததை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் தந்தை வேலைக்காரர்களிடம் பேசத் தொடங்கிவிடுகிறார். கதையின் நயம் இங்கேதான். மனப்பாடம் செய்த உரை பாதியில் நிற்கிறது, வரவேற்பு நடந்துவிடுகிறது. அதற்கு முன்னால் அதே அதிகாரத்தில் தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போகும் மேய்ப்பன் வருகிறான். வரவேற்பதற்கு முன் தேடுதல் ஒன்று இருக்கிறது என்பதை அந்த வரிசையே காட்டுகிறது.

5. தேடிப் போகும் பள்ளி

இந்தத் தேடுதலைத் தமிழ்நாட்டில் ஒரு திட்டத்தின் பெயரிலேயே காணலாம். அங்கே 1 முதல் 8ஆம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1-இல் பள்ளிகள் திறந்தன. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27-இல், 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் பிள்ளைகளின் குடியிருப்புப் பகுதியிலேயே பாடம் நடத்தும் திட்டம். அதன் வெற்றி தோல்வி இங்கே நம் பேச்சில்லை. பெயரை மட்டும் பாருங்கள். 'பள்ளிக்கு வருக' என்பதில் நடக்க வேண்டியது பிள்ளை. 'இல்லம் தேடி' என்பதில் நடக்க வேண்டியது பள்ளி. எழுவாய் மாறியதும் பொறுப்பும் கைமாறிவிட்டது.

உலகத்தில் மிக நீண்ட மூடல்களில் ஒன்று உகாண்டாவில் நடந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் முழுமையாகத் திறந்தது 2022 ஜனவரி 10-இல். அத்தனை நாள் கழித்துத் திறக்கும்போது 'வருக' என்ற சொல் எத்தனை பிள்ளைகளை எட்டியிருக்கும்? நம் நாட்டிலும் 2020 மார்ச்சுக்கும் 2021 ஜூலைக்கும் இடையில் 21 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளியைவிட்டு நின்றதாகக் கல்வி அமைச்சு தெரிவித்தது. நம் உரைகள் எதிலும் அவர்களுக்கு ஒரு வாக்கியம் இல்லை.

6. தோட்டத்துப் பள்ளியும் காலி நாற்காலியும்

இனி நம் பேராக்குக்கு வருவோம். நாட்டிலேயே தமிழ்ப்பள்ளிகள் மிக அதிகமாக உள்ள மாநிலம் இது, 134 பள்ளிகள். அவற்றில் பல ரப்பர் தோட்டங்களில் பிறந்தவை. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் காலத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல இடங்களில் ஒரு கொட்டகைதான் பள்ளி, கங்காணியோ கிராணியோ ஆசிரியர். தரம் குறைவுதான். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் பாடப்போவதில்லை. பிள்ளை பள்ளிக்கு வராமல் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டதும், பெற்றோருடன் பால்மரக் காட்டுக்குப் போனதும் அங்கே அன்றாடம்.

ஆனால் ஒன்று இருந்தது. பள்ளியும் லயமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பிள்ளை வரவில்லை என்றால் ஏன் என்று ஆசிரியருக்கு மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். யாராவது ஒரு பிள்ளை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடும். லா சாலின் கையேட்டில் இருந்த அந்தப் பொறுப்பு, யாரும் எழுதி வைக்காமலே நம் தோட்டங்களில் நடந்திருக்கிறது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மக்கள் தாமான்களுக்கும் மலிவுவிலை வீடுகளுக்கும் பெயர்ந்தார்கள். சுங்கை சிப்புட், பீடோர், தெலுக் இந்தான் பக்கம் போனால் தோட்டம் போய்விட்டபின்னும் தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்கும் பள்ளிகளைப் பார்க்கலாம். பிள்ளைகள் பல திசைகளிலிருந்து வேனில் வருகிறார்கள். பள்ளி நடக்கிறது. ஆனால் பிள்ளையின் வீடு எங்கே என்று கேட்டால் வேன் ஓட்டுநருக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது. இந்த இடைவெளி பெருந்தொற்றுக்கு முன்பே இருந்தது. வேன் ஓடாமல் நின்றபோதுதான் அது கண்ணில் பட்டது.

சுழற்சி முறை வந்தபோது வேறொன்றும் நடந்தது. பாதி நாற்காலி காலியாக இருப்பது இயல்பாகிவிட்டது. இது அடுத்த வாரம் வரப்போகும் பிள்ளையின் நாற்காலியா, இனி வரவே வராத பிள்ளையின் நாற்காலியா என்று பார்த்ததும் சொல்ல முடியாது. காலி நாற்காலிக்கு ஒரு நியாயமான காரணம் கிடைத்துவிட்டால், நியாயமில்லாத காரணமும் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

7. 'வரவேற்பில் போய் இதையெல்லாமா?'

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். நியாயமான மறுப்புதான். வரவேற்பு என்பது சடங்கு, அதில் மங்கலச் சொல்தான் வேண்டும், கணக்கெடுப்பு வேண்டாம் என்று சொல்வார்கள். பயந்துபோய் வந்து நிற்கும் பிள்ளையிடம் விழுக்காட்டைப் பேச முடியுமா? தடுமாறி எழுதும் மாணவனுக்கு அந்தப் பறவை உவமைகூட ஓர் ஊன்றுகோல், அதையும் பிடுங்கினால் அவன் விழுந்துவிடுவான் என்றும் சொல்வார்கள்.

முதலாவதற்கு என் பதில் இது. சடங்கில் மங்கலம் இருக்கட்டும். ஆனால் யாருக்கு மங்கலம் என்று தெரிந்திருக்க வேண்டும். கல்யாண வீட்டில்கூட வராத உறவினரை ஒருவர் விடாமல் விசாரிப்போமே. 'ஏன் வரல, உடம்புக்கு முடியலையா?' என்று கேட்பதும் வரவேற்பின் ஒரு பகுதிதான். நம் வீட்டு வழக்கத்தில் இருப்பது நம் பள்ளி உரையில் இல்லாமல் போனது ஏன்?

இரண்டாவதை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஊன்றுகோல் தேவை. ஆனால் நடக்கத் தொடங்கிய பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருக்கச் சொல்வது ஆசிரியரின் வேலை அல்ல. தேறிய மாணவரும் தேறாத மாணவரும் ஒரே பறவையைப் பறக்கவிட்டால், அங்கே மொழி வளரவில்லை.

எனக்கு இதில் வருத்தம் தரும் இடம் வேறு. பயிற்சித்தாள்களை அச்சிட்டு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இரவு பத்து மணிக்குமேல், அப்பா வேலை முடிந்து கைப்பேசியோடு திரும்பியபின், ஒரே ஒரு பிள்ளைக்காகப் பாடம் சொன்னவர்கள் இருக்கிறார்கள். நாம் தேடிப் போயிருக்கிறோம். ஆனால் எழுதும்போது அதை மறந்துவிட்டு 'இன்முகத்துடன் வரவேற்றனர்' என்று முடித்துவிடுகிறோம். நம் செயலைவிட நம் எழுத்து ஏழையாக இருக்கிறது. நாளை அந்த ஆண்டுகளைப் பற்றி யாராவது நம் உரைகளையும் மாணவர் கட்டுரைகளையும் எடுத்துப் படித்தால், யாரும் எதையும் இழக்கவில்லை, யாரும் யாரையும் தேடவில்லை என்றுதான் நினைப்பார்கள்.

8. மாற்றி எழுதிப் பார்ப்போம்

குறை சொன்னால் மட்டும் போதாது. ஆரம்பப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், 2021 அக்டோபரில் பள்ளி திறந்தபோது, சுழற்சியில் வந்த முதல் குழுவிடம் பேசுவதாக வைத்துக்கொண்டு ஒரு வரவேற்புரையின் நடுப்பகுதியை எழுதிப் பார்த்தேன்.

"பிள்ளைகளே, வாங்க. உங்களில் சிலர் இந்தப் பள்ளியை இதற்கு முன்பு சில வாரங்கள்தான் பார்த்திருக்கிறீர்கள். சிற்றுண்டிச்சாலை எங்கே என்றுகூடத் தெரியாது. அக்காமார்கள் காட்டுவார்கள். வீட்டில் சிலருக்குப் பாடம் நடந்தது, சிலருக்கு நடக்கவில்லை. நடக்காதவர்களை இங்கே யாரும் ஏன் என்று கேட்டுத் திட்டமாட்டார்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். உங்கள் வகுப்பில் இன்று பாதிப் பேர்தான் இருக்கிறீர்கள். மீதிப் பேர் அடுத்த வாரம் வருவார்கள். அந்தப் பட்டியலிலும் இல்லாத நண்பன் யாராவது இருந்தால், அவன் வீடு உங்களுக்குத் தெரிந்தால், இன்றைக்கே வகுப்பாசிரியரிடம் வந்து சொல்லுங்கள். அவனையும் கூட்டிக்கொண்டு வருவோம்."

இதில் ஓர் உவமைகூட இல்லை. கடினமான சொல் ஒன்றும் இல்லை. ஆனால் பேசுபவர் யார், கேட்பவர் யார், எந்த நாள், யார் இல்லை என்பது தெரிகிறது. உரை என்ற வடிவத்துக்கு வேண்டிய விளிப்பும் நன்றியும் முடிவும் சேர்த்தால் எந்த ஆசிரியரும் திருத்தத் தயங்கமாட்டார். இதைவிட நன்றாக உங்களால் எழுத முடியும். எனக்கு அதில் ஐயமில்லை, ஏனென்றால் நீங்கள் அந்த வரிசையில் நின்றவர்கள்.

மாணவர்களுக்கு மூன்று பயிற்சிகள் சொல்கிறேன்.

முதலாவது, மேலே முதல் பகுதியில் உள்ள வழக்கமான பத்தியை எடுத்து, 'மாணவர்கள்' என்ற சொல் வரும் இடங்களிலெல்லாம் ஒரு குறிப்பிட்ட பிள்ளையை வைத்து எழுதுங்கள். பெயர் கற்பனையாக இருக்கட்டும். வீடு, வீட்டில் இருந்த கருவி, நேரம் மூன்றும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, செயப்பாட்டு வினையில் முடியும் வாக்கியங்களைச் செய்வினையாக மாற்றுங்கள். செய்தவர் யார் என்று தெரியாமல் திணறும் இடத்தில்தான் நீங்கள் சிந்திக்க வேண்டிய கருத்து இருக்கிறது.

மூன்றாவது, உங்கள் ஆரம்பப்பள்ளி வகுப்புப் படத்தை எடுத்துப் பாருங்கள். அதில் இருந்தவர்களில் உங்களோடு இடைநிலைப்பள்ளிக்கு வராதவர் யார்? வேறு பள்ளிக்குப் போனவர்களை விடுங்கள். எங்கே போனார் என்றே தெரியாத ஒருவர் இருந்தால், அவருக்கு ஓர் உறவுக் கடிதம் எழுதுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒன்றே ஒன்று. அடுத்த ஆண்டு பள்ளி திறக்கும் நாளிலும் வரவேற்புரை எழுதத்தான் போகிறோம். பெருந்தொற்று இல்லாவிட்டாலும் ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒரு பிள்ளை வராமல் போகிறது. உரையை எழுத உட்காருமுன் வருகைப் பதிவேட்டைத் திறந்து, சென்ற ஆண்டு இறுதியில் இருந்து இந்த ஆண்டு இல்லாத பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் பக்கத்தில் இருக்கட்டும். 'வருக' என்ற சொல்லை அதன் பிறகு எழுதுங்கள்.